மூன்றில் ஒன்றைக் கழற்றியவர்

எந்தத் திருகைக் கழற்றினாலும் அதைச் சோதனைக் குழாயில் போட்டு, வாயில் பஞ்சடைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டிவிடுவது லேப் அக்காவின் வழக்கம். அன்றும் ஆய்வகத் தாங்கியில் நான்கு குழாய்கள் நின்றன. ‘பெரிய வீல், போல்ட் 1’ என்று தொடங்கி நான்கு வரை எழுதியிருந்தது. அமில பாட்டில்களுக்குப் பக்கத்தில் அவருடைய மலைச் சைக்கிள் தலைகீழாக நின்றது.

அக்கா எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வக உதவியாளர். வயது ஐம்பத்து நான்கு. பள்ளி மேட்டின் உச்சியில் இருக்கிறது. ஆசிரியர்கள் நாங்கள் பஸ்ஸில் வந்தே மூச்சு வாங்குவோம். அக்கா சைக்கிளில் ஏறி வந்து, முகத்தைத் துடைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு, “பியூரெட்ல விரல் வச்சது யாரு?” என்று ஆரம்பித்துவிடுவார்.

போன மாதம் அந்த மேட்டில்தான் விழுந்தார். பெடல் பக்கம் சிறிது, நடு, பெரிது என்று மூன்று பல்சக்கரங்கள். மேடு ஏற, சங்கிலி நடுவிலிருந்து சிறியதற்கு இறங்க வேண்டும். அதற்கு ஆள்காட்டி விரல் லீவர். அக்கா அவசரத்தில் கட்டை விரல் லீவரை அழுத்திவிட்டார். சங்கிலி பெரியதில் ஏறியது, பெடல் கல்லாகிப்போனது, அக்கா ரோட்டில் கிடந்தார். ஏழு தையல். இது மூன்றாவது முறை.

அவர் கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஊருக்கே மருந்து கொடுப்பவருக்கு மனைவியின் முழங்கையைப் பார்த்ததும் தலை சுற்றிவிட்டது. தையல் பிரித்த அன்று, “போதும்மா. பஸ்ல போ. ஞாயித்துக்கிழமை சைக்கிளை வாங்க ஆள் வருது” என்று சொல்லிவிட்டார்.

“பதினோரு வருஷத்துல அந்தப் பெரிய வீலை நான் வேணும்னு போட்டதே இல்ல, டீச்சர். விழறதுக்கு மட்டும்தான் போட்டிருக்கேன்” என்றார் அக்கா. “அதை எடுத்துட்டா போச்சு.”

எடுத்தார், தொல்லை போகவில்லை. பெரியதையும் நடுவையும் சேர்த்துப் பிடித்த போல்ட்டுகளுக்கு, பெரியதன் தடிமன் போனதும் நீளம் அதிகமாகிவிட்டது. எவ்வளவு முறுக்கினாலும் நடுச்சக்கரம் லொடலொடவென்று ஆடியது. குட்டை போல்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர். ஞாயிறுக்கு மூன்றே நாள்.

“ரப்பர் அடைப்பானை வட்டமா நறுக்கி வைக்கலாமே” என்று வாயைக் கொடுத்தேன்.

“ரப்பர் அமுங்கும், டீச்சர். நீங்க பாடம் நடத்துங்க.”

முதுகலை படித்த நான் பாடம் நடத்தப் போனேன். அக்கா இயற்பியல் ஆய்வகத்தின் வெர்னியர் அளவியால் கழற்றிய சக்கரத்தின் தடிமனை அளந்து, அதே தடிமனுக்கு எஃகு வாஷர்கள் தேடி ஐந்து கடை ஏறி இறங்கினார். ஆட்டம் நின்றது.

மிச்சம், சங்கிலியைத் தள்ளி மாற்றும் கருவியில் ஒரு சின்னத் திருகு. அதை முறுக்க முறுக்க, பெரிய வீல் இருந்த வெளிப்பக்கம் சங்கிலி தாண்டுவது குறையும். கால் சுற்றாக முறுக்கி, நோட்டில் குறித்து, சங்கிலியை நடுவில் வைத்துக் கட்டை விரல் லீவரை நூறு முறை அழுத்திப் பார்த்தார். ஒருமுறைகூட நகரவில்லை.

“ஒரே ஒரு தடவை போயிருந்தாலும் அவர் சொல்றதுதான் சரி” என்றார். அப்புறம் நூற்றியோராவது முறையும் அழுத்தினார். அக்கா ஒன்றை முடித்த பிறகு மறுபடி சரிபார்த்து நான் கண்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை அக்கா மேட்டில் மிதிக்க ஆரம்பித்தார். வாங்க வந்தவர் அதை வெள்ளோட்டம் என்று நினைத்து, “நல்லா ஏறுதே!” என்று மகிழ்ந்தார். நான் பஞ்சும் டிஞ்சருமாக, அக்கா விழுந்த அதே வளைவில் நின்றேன். என் கண்ணெதிரே அக்காவின் கட்டை விரல் பழக்கதோஷத்தில் லீவரை அழுத்தியது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஆள்காட்டி விரல் இழுத்தது. அக்கா என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

பின்னாலேயே ஓடிவந்த கணவர் பள்ளிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். “இன்னிக்கு ஏறிட்ட. நாளைக்கு அவசரத்துல...”

அக்கா இறங்கினார். சங்கிலியை நடுச்சக்கரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கணவரின் கட்டை விரலைப் பிடித்து லீவர் மேல் வைத்தார்.

“அமுத்துங்க.”

அழுத்தினார்.

“இன்னும் பலமா.”

இன்னொரு கட்டை விரலையும் சேர்த்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். சங்கிலி நடுச்சக்கரத்தைவிட்டு நகரவில்லை.