குமுளி வரைக்கும் போன வேன்

தேனியிலிருந்து குமுளிக்கு அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பஸ்ஸில் போனால் இரண்டரை மணி நேரம். எங்கள் சொந்த வேனில் போனால் ஒரு பகல் முழுவதும் ஆகும் என்பதை அனுபவித்துச் சொல்கிறேன்.

எண்பத்தொன்றாம் வருஷம், ஆனி மாதம். என் வீட்டுக்காரருக்குத் தேனி பஜாரில் பாத்திரக் கடை. சந்தை நாள்களில் சரக்கு ஏற்றிப் போக ஒரு வேன் இருந்தது. அதில் பஸ் பாடி கட்டும் சிநேகிதர் ஒருவரைக் கொண்டு இரண்டு மடக்குப் பலகைகள் வைத்திருந்தார். மடக்கினால் உட்காரலாம், நீட்டினால் படுக்கலாம். ஸ்டவ், தண்ணீர் டிரம், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை என்று வீட்டையே உருட்டிக்கொண்டு போகிற ஏற்பாடு. யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம், சமைக்கலாம், தூங்கலாம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினார்.

பயணம் அவருடைய தங்கை மல்லிகாவுக்காக. ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு அகமதாபாத்தில் மில் வேலை. போனால் வருஷத்துக்கு ஒரு தடவை வருவதே பெரிது. நகையோ சேலையோ அவள் கேட்கவில்லை. குமுளிக்குப் பக்கத்தில் இருக்கும் தேக்கடி ஏரியில் ஒரு தடவை போட்டில் போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள். எங்கள் பக்கத்து வயலுக்கெல்லாம் அந்த ஏரித் தண்ணீர்தான்.

“அந்தத் தண்ணியில விளைஞ்ச சோத்தைத்தானே மதினி இத்தனை வருசமாத் திங்கோம். அது எங்கன நிக்குதுன்னு பாத்துட்டுப் போயிர்றேன்” என்றாள். அவள் சொன்ன பிறகுதான் நானும் அந்தத் தண்ணீரைப் பார்த்ததில்லை என்பது எனக்கு உறைத்தது.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். அவர் ஓட்ட, பக்கத்தில் எங்கள் மகள் செல்வி. பின்னால் பலகையில் நானும் மல்லிகாவும். வீரபாண்டி தாண்டும்போது காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தால், பலகைக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே கட்டுக் கட்டாகக் கல்யாணப் பத்திரிகை, ஒரு தாம்பாளம், வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ்.

என்ன இது என்றேன். போகிற வழிதானே, அப்படியே நாலு வீட்டுக்குப் பத்திரிகை வைத்துவிட்டால் இன்னொரு நாள் கடையை அடைக்க வேண்டாம் என்றார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். யாவாரிக்கு மாங்காய் என்றால் இரண்டாகத்தான் விழ வேண்டும். ஏரிக்குப் போய்த் திரும்பும்போது வைக்கலாமே என்றேன். திரும்பும்போது வைத்தால், போகும்போது எங்கள் வாசலைத் தாண்டித்தானே போனாய் என்று கேட்பார்கள் என்றார். அதுவும் வாஸ்தவம். வேனின் இரண்டு பக்கமும் கடைப் பெயரை முழ நீளத்துக்குச் சிவப்பில் எழுதி வைத்திருந்தார். ஒளிந்து போக முடியாது. மல்லிகா போர்வையால் மூடிவிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு கடைப் பெயரை மூடுவதா என்று அவர் முகம் சுருங்கிவிட்டது.

சின்னமனூரில் அவருடைய அத்தை வீடு. பத்திரிகை வைக்கப் பெண்ணையே கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஆகவே அத்தை தாம்பாளத்தைப் பார்க்கவில்லை, வேனிலிருந்து இறங்கிய மல்லிகாவைத்தான் பார்த்தார்கள். அங்கே பிடித்தது வினை. கல்யாணம் நிச்சயமான பெண் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தால் விருந்து வைத்துத்தான் அனுப்ப வேண்டும். வேனில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டி வைத்திருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். அத்தை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“ஏ ஆத்தா, கல்யாணப் பொண்ணை வெறும் வயித்தோட அனுப்பிட்டு நான் நாளைக்கு நாலு பேரு மொகத்துல முழிக்க வேண்டாமா?” என்று மல்லிகாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். இட்லி, ஆட்டுக்கால் பாயா, சீனிப் பணியாரம். கிளம்பும்போது பத்து மணி.

உத்தமபாளையத்தில் ஒரு பாத்திர வியாபாரி, இவருக்குப் பழைய சிநேகிதர். காப்பி மட்டும் என்று போனோம். கேசரியும் வடையும் வந்தன. கம்பத்தில் சித்தப்பா வீட்டில் பத்திரிகையை வாங்கிய கையோடு சேவலைப் பிடிக்க ஆள் விட்டார்கள். சேவலும் லேசில் அகப்படவில்லை. அது ஓடுவதை மல்லிகா ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள், தப்பித்துவிட்டால் நாமும் தப்பித்துவிடலாம் என்பது போல. மூன்று மணிக்கு இலை போட்டார்கள். அவள் இலையில் மட்டும் எல்லாம் இரண்டு தடவை விழுந்தது. போதும் என்று கையால் இலையை மறைத்தால் அபசகுனம் என்றார்கள். மடியில் ஒரு கூடை பன்னீர் திராட்சையையும் வைத்து அனுப்பினார்கள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அத்தனையும் பிரியம். பிரியத்தை எப்படி வேண்டாம் என்பது? அது தெரியாமல்தான் நாங்கள் நாலு பேரும் அன்றைக்குச் சாப்பிட்டோம்.

கூடலூரிலும் ஒரு வீடு பாக்கி என்று அவர் வாயெடுத்தார். நான் மஞ்சள் பையைக் காலால் பலகைக்கு அடியில் தள்ளினேன். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு அவர் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினோம். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் மல்லிகா வாயைப் பொத்தினாள். அதற்குப் பிறகு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. மேலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை வயலும் தென்னந்தோப்பும் தெரியும். அவள் அதைப் பார்க்கவில்லை. தலையை ஜன்னலில் சாய்த்தபடி, போட்டு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

குமுளியில் சாரல். ஏரிக்குப் போகிற காட்டுப்பாதையின் கேட்டை அப்போதுதான் இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். காவலாளி பாதி மலையாளத்தில், இனி நாளைக் காலையில்தான் என்றார். கேட்டிலிருந்து ஏரி நாலு கிலோமீட்டர்.

பரவாயில்லை, இதற்குத்தானே வேன் என்று அவரே பலகையை நீட்டினார். ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்திப் படுத்தோம். நான் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை யாரும் தொடவில்லை. வேனில் செய்து வைத்த ஏற்பாடெல்லாம் கடைசியில் அந்த ஒரு ராத்திரிக்குத்தான் பயன்பட்டது.

விடிந்தபோது மல்லிகாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த டாக்டர் மாத்திரை கொடுத்து, குளிர் காற்றில் அலைய வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார். வெளியே வந்தால் எதிரே கேட்டு திறந்து கிடக்கிறது. முதல் போட்டுக்குப் போகிறவர்கள் ஜீப்பில் சிரித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

“அண்ணே, போட்டு வேண்டாம். கரையில நின்னு பாத்துட்டு வந்துர்றேன்” என்றாள் மல்லிகா.

அவர் கேட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். “கல்யாணத்தை வச்சுக்கிட்டு உடம்புக்கு ஒண்ணு ஆயிட்டா, மாப்பிள்ளை வீட்டுல நம்மளை என்ன சொல்லுவாக? ஏரி எங்க போயிரப் போகுது?” என்றார்.

பயந்துபோய்ச் சொன்னதுதான், அலட்சியத்தில் இல்லை. வண்டியைத் திருப்பினார். மல்லிகா பலகையில் படுத்துக்கொண்டாள். செல்விதான், போட்டு எங்கே, போட்டு எங்கே என்று கீழே இறங்கும் வரை அழுதாள்.

லோயர் கேம்ப் வந்ததும் மல்லிகா எழுந்து நிறுத்தச் சொன்னாள். அங்கே மலைச்சரிவில் பெரிய பெரிய இரும்புக் குழாய்கள் இறங்கும். ஏரியின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, அந்தக் குழாய் வழியே மின்சார நிலையத்தில் விழுந்து, வாய்க்காலாக வெளியே ஓடும். நான் தாங்கிப் பிடிக்க, படியில் இறங்கிக் கையை நனைத்தாள். சில்லென்று இருக்கிறது என்றாள். முகத்தைக் கழுவி, குழாய்கள் வரும் திசையில் மேலே கொஞ்ச நேரம் பார்த்தாள். மேலே மேகம்தான் இருந்தது.

திரும்பும்போது கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எல்லாவற்றையும் நிற்காமல் தாண்டி ஒன்றரை மணி நேரத்தில் வீடு வந்து சேர்ந்தோம். முடிந்திருக்கிறது பாருங்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பத்திரிகை வைத்த வீட்டார் ஒருவர் விடாமல் வந்தார்கள். மல்லிகா ரயிலேறிப் போனாள். அவள் ஊரிலும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறதாம், பாதி நாள் மணல்தான் என்று எழுதினாள். வேனை ஓடைப்பட்டிக்காரர் ஒருவர் திராட்சை ஏற்ற வாங்கிக்கொண்டு போனார்.

போன சித்திரையில் கைப்பிள்ளையோடு வந்தாள். ஊரில் இருந்தது நாலு நாள். இரண்டாம் நாள் காலையில் நானே பேச்செடுத்தேன். அண்ணனிடம் சொல்ல வேண்டாம், நாம் இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் குமுளிக்குப் போய்விடுவோம், பஸ்ஸில் நம் கடைப் பெயர் எழுதியிருக்காது என்றேன்.

மல்லிகா சிரித்தாள். பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, “பிள்ளையோட வந்துருக்கேன் மதினி. சின்னமனூர் அத்தையையும் கம்பத்துச் சித்தப்பாவையும் பாக்காம எப்படித் தாண்டிப் போறது? என்ன நினைப்பாக?” என்றாள்.

முதல் பஸ்ஸிலேயே கிளம்பினோம். அத்தை வீட்டில் பணியாரம், சித்தப்பா வீட்டில் கோழி. சாயங்காலம் கம்பத்திலிருந்தே திரும்பிவிட்டோம்.