தெருமுனையில் நின்ற மாமா

எங்கள் அக்கா சமயநல்லூரில் பிறந்தவர். எழுதவே பிறந்தவர் என்று யாராவது சொன்னால், "மத்தவங்க பேசுறதக் கேக்கப் பொறந்தவ நான்" என்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே சொந்தக்காரர் வீட்டு விசேஷ அழைப்பிதழ்களுக்கு வாழ்த்துப்பா எழுதிக் கொடுப்பார். பந்தியில் எல்லோரும் இலையைப் பார்த்தால் அக்கா ஆட்களைப் பார்ப்பார்.

அப்பா இறந்த பிறகு தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலைக்குப் போய் எங்களைப் படிக்க வைத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கதை எழுதுவார்.

அச்சில் வந்த முதல் கதையே வினையாகிவிட்டது. என் காதணி விழாவுக்குச் சீர்த்தட்டுகளோடு வந்த தாய்மாமாவை மேளத்தோடு எதிர்கொண்டு அழைத்திருக்க வேண்டும். மேளக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் நினைவில்லை. வெயிலில் தெருமுனையிலேயே நின்ற மாமாவைக் கெஞ்சித்தான் கூட்டிவந்தார்கள். என்னை மடியில் வைத்துக் காது குத்தி முடித்ததும் கை நனைக்காமல் கிளம்பிவிட்டார். பல வருடம் கழித்து, பெயரை மட்டும் மாற்றி அக்கா இதை எழுதினார். ஊரே சிரித்தது. மாமா எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்தினார்.

அக்கா நேரில் போய் நின்றும் அவர் முகம் கொடுக்கவில்லை. நாவல்கள் வந்தன, விருதுகள் வந்தன. ஒவ்வொரு முறையும் முதல் பிரதி மாமாவுக்குத்தான் போகும். பதில் வராது. "மாமா பேசாம நான் என்னத்த எழுதி என்ன?" என்று அக்கா கண்கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு நோய் முற்றிய பிறகு ஒருநாள் மாமா மருத்துவமனைக்கு வந்து கட்டிலருகே நின்றார்.

"ஏன் ஆத்தா, அதுக்கப்புறம் ஒரு புஸ்தகத்துலயும் என்னையக் காணமே? எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டேன். அம்புட்டுக் கோவமா?"

அக்கா சிரித்தார். "நீங்க கோவிச்சுக்குவீகன்னுதான் மாமா விட்டுட்டேன்."

"கோவிச்சா கோவிச்சுட்டுப் போறேன். நீ எழுது."

எழுத அக்காவுக்கு நாள் கிடைக்கவில்லை.

அக்காவைக் கண்போல் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், கூடவே இருந்த தோழிகள், ஊர் ஊராய் வந்து நின்ற வாசகர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவைப் பற்றி அக்கா எழுத நினைத்ததை, மாமாவின் அனுமதியோடு நான் எழுதி முடிக்கிறேன்.

இறுதிச் சடங்கன்று மாமா கோடிச் சேலையோடு வந்தார். அழுதுகொண்டிருந்த நாங்கள், மேளத்தோடு போய் அவரை அழைத்துவர அன்றும் மறந்துபோனோம். மாமா தெருமுனையில் நிற்காமல் நேரே அக்காவிடம் வந்தார்.