சுடலைவடிவின் கிணற்றை அளந்த மாதம்

ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரில் வாழை போட்டிருக்கிறாள் சுடலைவடிவு. பக்கத்துக் கல்குவாரியில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து வெளியேற்றுகிறார்கள். குவாரி ஆழமாக ஆழமாக, கோடையில் அவள் கிணறு வற்றியது. சாமிக் குற்றம் என்று ஊரார் கிடா வெட்டினார்கள். அவள் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மாதாமாதம் நீர்மட்டத்தை நோட்டில் குறித்தாள்.

குவாரியை இன்னும் ஆழப்படுத்த அனுமதி கேட்டபோது, பாதிப்பை மதிப்பிட ஓர் ஆய்வாளர் வந்தார். ஆனி மாதம்; கார் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் திறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

கிணற்றை அளந்துவிட்டு, "பன்னிரண்டு அடியிலயே தண்ணி இருக்கே. பாதிப்பில்லைன்னு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்.

"வாய்க்கா ஓடுனா எங்கூர்ல எல்லாக் கிணறும் பெருகும், சார். விருந்து சாப்பிட்டு எந்திரிக்கவன்ட்ட பசிக்கான்னு கேக்கிய. வாய்க்கா அடைச்ச பெறகு சித்திரையில வாங்க. அறுபதடியில சேறுதான் கெடக்கும். நோட்டைப் பாருங்க."

பக்கத்து வயல்காரர் மகேஸ்வரன் சிரித்தார். "படிச்சவருக்கே பாடம் எடுக்கியே, வடிவு."

"படிச்சவரு மாசத்தைப் பாக்கலையே, அண்ணாச்சி."

ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார். "மாசம் எழுத இதுல இடமே இல்லையேம்மா."

தண்ணீரைப் பற்றிக் கேட்கும் படிவத்தில் மாதத்துக்கு இடம் விடாதது மறதி என்று நம்ப முடியவில்லை.

அவள் பேனாவை வாங்கி, 'பாதிப்பில்லை' என்ற வரியை அடித்தாள். 'வாய்க்கால் ஓடும்போது எடுத்த அளவு. சித்திரையில் மறுபடி அளக்க வேண்டும்' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்த ஆய்வாளர், அதன் கீழே தன் பெயரையும் எழுதினார்.