மூன்றாம் தரத்துக்கு முன் கேட்ட குரல்

மாமா பாகூரில் இறந்துபோன செய்தி ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஏதோ ஒரு பெரிய வீட்டுச் சாமான்களை ஏலம் கூவிக்கொண்டிருந்தவர், ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு மூன்றாவதைச் சொல்லாமலே சாய்ந்துவிட்டார் என்று சேதி கொண்டுவந்த வண்டிக்காரர் சொன்னார். வீட்டுக்கு ஓடினேன். அம்மா தன் தம்பிக்காகத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஏன் என்று அவர் ஏலத்துக்கு வந்து நின்ற உங்களுக்குச் சொல்லத்தான், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

வில்லியனூர்ப் பக்கம் அவர் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. நொடித்துப்போன வீடுகளின் பழஞ்சாமான்களை வாங்கி ஏலத்தில் விற்பார். ஒரு முறை கால் ஆடுகிற நாற்காலி ஒன்றைத் தூக்கிக் காட்டி, "பிரெஞ்சுத் தொர குந்துனது. அவுரு எழுந்துட்டாரு, நீங்க வந்து குந்துங்க" என்றார். கூட்டம் சிரித்தது, விலையும் ஏறியது. ஆனால் ஒரு சாமான் யார் வீட்டில், யார் கையில் இருந்தது என்று ஊர் ஊராகப் போய் விசாரித்த பிறகுதான் கூவுவார். "யாருதுன்னு தெரியாம வித்தா அது திருடுன மாதிரி" என்பார்.

ஒரே ஒரு தடவை விசாரிக்காமல் கூவினார். கரியமாணிக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்த சீர்ப்பெட்டி அது. கருங்காலி மரம், மூடியில் தந்தத்தால் இழைத்த கிளிகள். எங்கள் ஒதியம்பட்டுச் சாவடியில்தான் ஏலம். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். கூட்டத்தில் வேறு பெண்பிள்ளை கிடையாது. மதகடிப்பட்டு வியாபாரி ஒருவர் கடைசி விலை கேட்டார். மாமா இரண்டு தரம் சொல்லி மூச்சு வாங்கினார். அப்போது "என்னுது" என்று ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. ஏலத்தில் விலை கேட்பார்களே தவிர, என்னுது என்று யாரும் சொல்வதில்லை. பேச்சு ஓட்டத்தில் மாமாவின் நாக்கு "மூணு தரம்" என்று முடித்துவிட்டது. கடைசியாகக் கேட்ட அந்தக் குரலுக்கே பெட்டி என்றாகிவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது என் குரல் போலவேதான் இருந்தது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை.

"புள்ள ஆசப்பட்டுடுச்சி, அதுக்கே குடுப்பா" என்று வியாபாரி சிரித்தபடி விலகிக்கொண்டார். அன்று அப்பா என்னை அடித்தார். "ஒன் குரலு எனக்குத் தெரியாதாடி?" என்று கேட்டார். சத்தியம் செய்தும் அம்மாகூட நம்பவில்லை.

மாமா பெட்டியைத் தன் வீட்டில் வைத்துவிட்டுக் கரியமாணிக்கம் போனார். திரும்பி வந்ததும் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, கேட்டு வந்ததைச் சொன்னார். அந்த வீட்டுக் கடைசிப் பெண்ணுக்காகச் செய்த பெட்டியாம். என் வயதில் காய்ச்சலில் போய்விட்டாளாம். இருந்தவரை அதை ஒருவரையும் தொட விட்டதில்லையாம்.

"இன்னாத்துக்கு அழுவுற பாப்பா? அது நீ இல்ல. அவ கேட்டா, நான் குடுத்துட்டன். அவ்ளோதான்."

அதன் பிறகு யார் வந்து கேட்டும் அவர் அதை விற்கவில்லை. முடிந்த ஏலத்தைத் திரும்பக் கூவக் கூடாது என்றார். "இல்லாதவளுக்கு வித்துட்டு இருக்குறவளப் பட்டினி போடுறாரு" என்று அத்தை சொல்லிக் காட்டுவாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்.

கருமாதி முடிந்தது. நேற்று அத்தை அவர் சாமான்களைப் பிரித்துக் கொடுத்தாள். "ஒன் பொட்டிதானடி, நீயே வெச்சிக்க" என்று வண்டியில் அனுப்பிவிட்டாள். அம்மா அதை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அது என் குரல் இல்லை என்று நம்பிய ஒரே ஆள் போய்விட்டார். இன்று மூடியைத் துடைக்கும்போது, என்னுடையதாகவே இருக்கட்டுமே என்று தோன்றியது. அப்படி நினைத்தது நானா, அவளா என்று எண்ணியதும் துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

பெட்டி யாரிடம் வேண்டுமானாலும் போகட்டும். மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, "அது நீ இல்ல" என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான். எழுதுவதை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்: "அது நான் இல்ல." பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். இதுவரை ஒரு குரல்தான் கேட்டிருக்கிறது.