அயோவாவுக்குப் போகும் வழி

அந்த ஊரை நான் ஒரு கிழமைக்குள் படித்து முடித்தேன். அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், ஆற்றங்கரையில், ஒரே ஒரு பெரிய தெருவைக் கொண்ட சிறிய ஊர். என்னைப் பெண் பார்க்க வரவிருந்தவர் அங்கே டிராக்டர் செய்யும் தொழிற்சாலையில் பொறியியலாளர். படத்தில் முகம் பிடித்திருந்தது. அதைவிட ஊர் பிடித்திருந்தது, ஏனென்றால் அது கனடாவில் நாங்கள் இருந்த மொன்ட்ரியால்-நோர் இல்லை. எங்கள் மூன்றாம் மாடி வாடகை வீடு அங்கே இல்லை. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துடைத்துவிட்டு அப்பா உடுப்பில் கொண்டுவரும் மருந்து வாசனையும் இல்லை. இந்தச் சம்பந்தம் எப்படியாவது சரிவர வேண்டும் என்றிருந்தது எனக்கு.

எங்கள் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். எனவே பல்கலைக்கழக நூலகத்துக் கணினிக்கு முன்னால் இருந்து, பரீட்சைக்குப் போவதுபோல ஆயத்தமானேன்.

ஞாயிறு பூசை முடிந்த பிறகு மாப்பிள்ளையும் தாயும் வந்தார்கள். தாய் டொரொன்டோவில் இருப்பவர். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "பிள்ளை, தம்பி இருக்கிறது பட்டிக்காடு. தமிழ்ச்சனமும் இல்லை. இருப்பியளோ?" என்று கேட்டார்.

நான் காத்திருந்த கேள்வி. பூர்வகுடிகளைத் துரத்திவிட்டு ஜெர்மன்காரர் அங்கே குடியேறியதில் தொடங்கினேன். ஆற்றுச் சிப்பியில் சட்டைப் பொத்தான் வெட்டிய பட்டறைகள், ரயில்பாதை வந்தது, வெள்ளம் வந்து கீழ்த்தெருவை அள்ளிப் போனது, பிறகு சோளமும் சோயாவும், தானியம் கொட்டிவைக்கும் உயரமான களஞ்சியங்கள் என்று நிறுத்தாமல் சொன்னேன். மிசிசிப்பி கிழக்கே ஒரு மணித்தியாலம், சிக்காகோ காரில் அரைநாள் என்றும் சொன்னேன்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "நான் நாலு வருசமா அங்கை இருக்கிறன், எனக்கு இதொண்டும் தெரியாது."

"பாத்தியே, பிள்ளை உனக்கு முதலே போய்க் குடியிருந்திட்டுது" என்றார் தாய்.

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அப்பா கதிரையின் நுனிக்கு வந்தார். "அவள் அப்பிடித்தான், ஒண்டை எடுத்தால் அடிமட்டும் பாப்பாள்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "அது சரி பிள்ளை, இஞ்சையிருந்து எவ்வளவு தூரம்? எங்கட கார் ஓடுமோ?"

அந்த ஊரிலிருந்து எல்லாத் திசைக்கும் தூரம் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் பார்த்திருக்கவில்லை. பார்க்க வேண்டும் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

மாப்பிள்ளைதான் சொன்னார்: "ரண்டு நாள் எடுக்கும் அங்கிள். ராவிலை எங்கையும் தங்கி வரவேணும்."

"எல்லாம் தெரிஞ்ச பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வாற வழிதான் தெரியேல்லை" என்று மாப்பிள்ளையின் தாய் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. அம்மா எழுந்து, இன்னும் குடித்து முடியாத கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். எனக்குக் காது எரிந்தது. இவ்வளவு நேரம் நான் ஒரு ஊரைப் பற்றிச் சொல்லவில்லை. இந்த வீட்டை விட்டுப் போக எனக்கிருக்கும் அவசரத்தைத்தான் சபையில் வாசித்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

பின்னேரம் டொரொன்டோக்காரர் போன் எடுத்தார்கள். அவர்களுக்குச் சம்மதம். அம்மா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்பா வேலைக்குப் போக, வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கு விருப்பம்தானே?" என்று குனிந்தபடியே கேட்டார்.

"ஓம் அப்பா."

"அப்ப சரி. ரண்டு நாள் எண்டால் என்ன, புட்டுக் கட்டிக்கொண்டு வரலாம்."

அவர் நிமிர்ந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவு சாத்தும்வரை அந்தச் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.