பல்லைக் காட்டிய பூதம்

என்னைப்போல ஒரு மடையனைச் சிவகாசி வட்டாரத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. மனிதர்களை உயிரோடு விழுங்கும் பூதத்தைப் பற்றி நாவல் எழுதிவிட்டு, அதற்கு அட்டைப்படம் கேட்டு, மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் வரைகிறவரிடம் போய் நின்றேன். கதையைப் படிக்கக் கொடுத்தேனா என்றால் அதுவும் இல்லை. "பூதம், குகை, இளவரசி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் எனக்கு வேலை. படிக்கிறவர்கள் விளக்கை அணைக்கவே பயப்பட வேண்டும், அப்படி ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. லேபிள் அண்ணாச்சி, கம்பெனிப் பழக்கத்தில் வரைந்து தர ஒப்புக்கொண்டார்.

தீபாவளி சீசன் நெருக்கத்தில் படம் கைக்கு வந்தது. பூதம் தங்க நிறத்தில் ஜொலித்தது. கன்னம் இரண்டும் பன்னு மாதிரி உப்பியிருந்தன. வாயெல்லாம் பல், என்னைப் பார்த்துச் சிரித்தது. இளவரசி அதன் தோளில் கைபோட்டு நின்றாள். குகை வாசலில் ஒரு சங்குசக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இது ஆளைத் திங்கிற பூதம்."

"திங்கட்டும் தம்பி, யாரு வேண்டாங்கிறா? அதுக்காக மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடணுமா? லேபிள்ல புலி முறைச்சா எந்த ஏவாரி பெட்டியைத் தொடுவாக? புலியோ பேயோ, வாங்குறவுகளைப் பாத்துச் சிரிக்கணும்."

"இளவரசி பயந்து ஓடணுமே?"

"அம்புட்டு அழகான பிள்ளையை ஓட விட்டா முதுகுதான் தெரியும்."

சீசனில் எந்த அச்சகத்திலும் இடம் கிடைக்காது. அண்ணாச்சி சொல்லி, லேபிள் தாளின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில்தான் என் அட்டையை அச்சடித்துத் தந்தார்கள். படத்தைத் திருத்துவதென்றால் தை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். முதல் புத்தகம் போடுகிறவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"ஏலே, இதைப் பத்த வச்சா வானத்துல எத்தனை ஷாட்டு வெடிக்கும்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். பொறுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தால், நாவல் அலமாரியில் அதைக் காணோம். சிறுவர் பகுதியில், முயல் கதைக்கும் வர்ணம் தீட்டும் புத்தகத்துக்கும் நடுவில் இருந்தது. ஓரமெல்லாம் நைந்து, முறுக்கு எண்ணெய் படிந்து, பூதத்துக்கு யாரோ பேனாவால் மீசை வேறு வைத்திருந்தார்கள். நான் எழுதிய எதுவும் அதுவரை இப்படிக் கைபட்டு நைந்ததில்லை. உள்ளூர ஒரு சந்தோஷம்தான். ஆனாலும் பயங்கர எழுத்தாளனுக்கு முயலோடு என்ன சகவாசம்? நூலகர் அம்மாவிடம் போனேன்.

"மேடம், இது பெரியவங்க படிக்கிற நாவல். அந்த அலமாரிக்கு மாத்திருங்க."

"பிள்ளைக அடிச்சுப் பிடிச்சு எடுத்துட்டுப் போகுதுகளே சார்."

"அட்டையை நம்பாதீக மேடம். உள்ள அம்புட்டும் பயங்கரம். நீங்களே ஒருதரம் படிச்சுப் பாருங்க."

"முழுசாப் படிச்சாச்சு."

என் நாவலைக் கடைசிவரை படித்த பெரியவர் ஒருவரை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். குரல் தானாகக் குழைந்தது.

"அப்ப உங்களுக்கே தெரியுமே மேடம், பிள்ளைக பயந்துராதா?"

அவர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"எந்தப் பக்கத்துல?"