மகாதேவி அக்கா போட்ட நொடி

பல்கலைக்கழக வகுப்பறை வாசலில் சப்பாத்தை இரண்டு தரம் துடைத்துவிட்டு, கடைசி வரிசையில் சூடாக்கியை ஒட்டின கதிரையில் மகாதேவி உட்காருகிறார். கழுத்துச் சால்வையை அவிழ்ப்பதில்லை. பேராசிரியை கொடுக்கும் தாளை நான்கு மூலையும் ஒத்துவரத் தடவி விரிக்கிறார். ஜெர்மனியின் பான் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் படுக்கை விரிப்பு மடித்த கை அது. எந்தத் தாளையும் அப்படித்தான் தொடும்.

தாளில் ஒரு பக்கம் கிரேக்கம், மறு பக்கம் ஜெர்மன். அந்தக் காலத்துக் கிரேக்கத் துறவிகளும் அரண்மனை எழுத்தர்களும் ஒருவரை ஒருவர் மடக்க எழுதிய விடுகதைகள். மகாதேவி பிறந்த யாழ்ப்பாணத்தில் இவற்றை நொடி என்பார்கள். இந்த வகுப்பில் எல்லா நொடியின் விடையிலும் ஒரு விலங்கு இருக்கும். "பிறந்த வீட்டைவிட்டு நான் இறங்கியதே இல்லை, ஆனாலும் ஊரெல்லாம் போய்வருகிறேன். நான் யார்?" பேராசிரியை கடைசி வரிசையைப் பார்க்கிறார். "மாடு" என்கிறார் மகாதேவி. விடை நத்தை. போன கிழமை, சிறகிருந்தும் பறவையல்லாத ஒன்று. அதற்கும் மாடு என்றுதான் சொன்னார். விடை வௌவால்.

முதலில் மாணவர்கள் சிரித்தார்கள். இப்போது, அவர் மாட்டைச் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். "ஆராவது ஒராள் பிழையாச் சொன்னால்தானே மற்றவை வாய் திறப்பினம்" என்பது அவருடைய நியாயம்.

வகுப்பு முடிந்தால் தமிழ்க் கடை. கடைக்காரி புஷ்பமலர் கீரையை நிறுத்துக்கொண்டிருக்கும்போது அன்றைய பாடம் நடக்கும். "கிரேக்கத்திலை எலிக்கு ஒரு பேர் இருக்கு. அதிலை முதல் எழுத்தை எடுத்துவிட்டால் சேத்திலை உருளுற பண்டி வருது. சின்னதிலை ஒண்டைக் கழிக்கப் பெரிசு வருது, பார்."

"உங்களுக்கு ஏனக்கா இந்த வயசிலை உந்தப் படிப்பு?"

"வீட்டிலை இருந்து என்ன செய்யிறது?" என்று மகாதேவி பையைத் தூக்கிக்கொள்வார்.

உண்மைக் காரணம் அதுவல்ல. அவருடைய ஒரே மகன் நிதுசன், மருத்துவம் படிக்கப் போனவன், நடுவில் அதை விட்டுவிட்டு, இடைக்காலத்துப் பைசாந்தியப் பேரரசின் கிரேக்கம் படிக்கத் தொடங்கினான். ஒரு வருடம் மறைத்தான். தெரியவந்த அன்று தகப்பன் சிவராமன் கூடத்தில் நின்று சத்தம் போட்டார். "டொக்டருக்குப் படிக்க விட்டால் பைசாந்தியம், பாம்பு, பூரான் எண்டு படிக்கிறியோ? இனி இந்தப் படி ஏறாதை." மகாதேவி குசினியில் நின்றார். தண்ணீர்க் குழாயைத் திறந்தபடி விட்டிருந்தார். மகன் சப்பாத்துப் போடுவதும் கதவு சாத்துவதும் அந்தச் சத்தத்துக்குள்ளும் கேட்டது. அவர் வெளியே வரவில்லை. சிவராமன் இறந்தபோது நிதுசன் வந்து கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் ஹம்பேர்க்குக்குத் திரும்பிப் போனான். அங்கே பல்கலைக்கழகத்தில் அந்தக் கிரேக்கத்தையே ஆராயும் வேலை.

அதன்பின் ஞாயிறுதோறும் தொலைபேசி. "சாப்பிட்டனியோ?" "ஓம் அம்மா." "குளிரோ?" "ஓம்." பிறகு இருவரும் பேசாமல் இருப்பார்கள். அவன் மூச்சு விடுவது கேட்கும். "சரி, வைக்கட்டே?" என்பான்.

பல்கலைக்கழகத்தில் வயதானவர்கள் பரீட்சை இல்லாமல் வகுப்பில் வந்து இருந்து கேட்கலாம் என்று ஒரு நாள் தெரியவந்தது. வகுப்புகளின் பெயர்களைப் பார்த்துக்கொண்டு போகையில் ஒரு சொல்லில் கண் நின்றது. பைசாந்தியம். அந்தச் சொல்லை அவர் அதுவரை கணவர் வாயில் வசவாகத்தான் கேட்டிருக்கிறார். அடுத்த கிழமையே வகுப்புக்குப் போய்விட்டார். மகனிடம் சொல்லவில்லை. இவ்வளவு காலம் கழித்து வந்து நிற்கிறாரே என்று அவன் நினைப்பானோ என்ற கூச்சம்.

ஒரு ஞாயிறு, பேச்சு வழக்கம்போல நின்றுபோன இடத்தில், மகாதேவிக்குத் தெரியாமலே வாயில் வந்தது. "ஊரிலை ஒரு நொடி சொல்லுறவை. வீட்டுக்காரர் அகப்பட்டுப் போச்சினம், வீடு சன்னலாலை ஓடிப்போச்சு. என்ன சொல்லு?"

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "மீனும் வலையும் தண்ணியும். அம்மா, இது கிரேக்கத்திலையும் இருக்கு." அவன் சொல்லிக்கொண்டே போனான். போன கிழமை வகுப்பில் கேட்டதையே மகாதேவி புதிதாகக் கேட்பவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று "வைக்கட்டே" என்பதை அவன் சொல்ல மறந்தான்.

இரண்டு மூன்று ஞாயிறு அப்படிப் போயிற்று.

பனி விழும் மாரியில் ஒரு நாள் பேராசிரியை பாம்பு நொடி ஒன்றைக் கொடுத்தார். "என் பிள்ளைகள் பிறக்கையில் என்னைக் கொன்றே பிறக்கிறார்கள். நான் யார்?" விடை விரியன். குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதாக அந்தக் காலத்தவர் நம்பினார்கள், உண்மையில் தாய் சாவதில்லை என்று பேராசிரியை விளக்கினார். அன்று மட்டும் மகாதேவி மாடு என்று சொல்லவில்லை. தாளை மடித்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு அதையும் மகனுக்குப் போட்டார். "பெத்த பிள்ளை பிறக்கேக்கை பெத்தவள் சாவாள். அது என்ன?"

"இதை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஊரிலை சொல்லுறது."

"எங்கடை அளவெட்டியிலையோ? வடிவா ஞாபகம் இருக்கோ?"

"ஓம்."

"இது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் தெரியுமோ அம்மா?" அன்று அவன் கதைத்த கதைக்கு அளவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. மகாதேவி எழும்பி அணைக்கவில்லை.

போன கோடையில் பருவத்தின் கடைசி வகுப்பைப் பெரிய அரங்கில் வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பேசப்போகிறார் என்று கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. டொக்டர் நிதுசன் சிவராமன். பான் வரப்போவதாக ஞாயிறு பேச்சில் அவன் சொல்லியிருக்கவில்லை. "உங்கள் குடும்பப் பெயராக இருக்கிறதே, சொந்தமா?" என்று பேராசிரியை கேட்டார். "எங்கடை ஆக்களிலை கனபேருக்கு இந்தப் பேர், ரீச்சர்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு மகாதேவி பின்வரிசைக்குப் போனார்.

விளக்கை அணைத்தார்கள். மகன் மேடைக்கு வந்தான். தலைமுடியில் நரை விழுந்திருந்தது. அவன் பேசுகையில் வலக்கையை மேலே தூக்கித் தூக்கிப் பேசினான். சிவராமனும் அப்படித்தான் பேசுவார். மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். விரியனைப் பற்றிச் சொல்லிவந்தவன், இந்த நொடி கிழக்கே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு இதுவரை யாரும் அறியாத சான்று ஒன்று கிடைத்திருப்பதாகச் சொன்னான். திரையில் ஒரு வரி தெரிந்தது. அளவெட்டி, யாழ்ப்பாணம். வாய்மொழி. சொன்னவர்: என் தாயார்.

மகாதேவி சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டார். ஊரில் அப்படி ஒரு நொடியை யாராவது போட்டிருக்கவும் கூடும். யார் கண்டது? பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு இதை அவன் புத்தகத்தில் எழுதுவான். அதைப் படித்து இன்னொருவர் எழுதுவார். அவன் பெயர் அதில் இருக்கும். கேள்வி நேரம் வந்து விளக்குகள் எரிந்ததும் அவர் கை உயர்ந்தது. எழும்பி நின்றார்.

"ஹெர் டொக்டர்" என்று ஜெர்மனில் தொடங்கினார். "அந்த நொடி அளவெட்டியிலிருந்து வந்ததில்லை. நான் அதை இந்த ஊரில், இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். போன மாரியில், இந்த ரீச்சரிடம். பிழையாகச் சொல்லிவிட்டேன். அதை எழுத வேண்டாம்."

நிதுசன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். பிறகு எல்லோருக்கும் முன்னால் தமிழில் கேட்டான்.

"அம்மா, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உன்னோடை வேறை என்னத்தைக் கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லையடா."

"எவ்வளவு காலமா இங்கை வாறீங்கள்?"

"ரெண்டு செமஸ்டர்."

"என்னத்துக்கு?"

"நீ என்ன படிச்சனி எண்டு பாக்க."

அரங்கில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நிதுசனின் முகம் சிவந்திருந்தது. அவன் கணினிக்குப் போய் அந்தப் படத்தை மறுபடி திறந்தான். திரையில் எல்லோரும் பார்த்திருக்க, அளவெட்டி எழுத்தெழுத்தாக அழிந்தது. பிறகு வாய்மொழி. கடைசியில் என் தாயார் என்ற இடத்தில் அவன் விரல் நின்றது. கொஞ்சம் பொறுத்து அதையும் அழித்தான்.

"என் கட்டுரையில் ஒரு சான்று குறைந்துவிட்டது" என்று சபைக்கு ஜெர்மனில் சொன்னான். "திருத்தியவர் என் அம்மா. அதோ, கடைசி வரிசையில் நிற்கிறார்." பிறகு தன் தாள்களை அடுக்கத் தொடங்கினான்.

பேராசிரியை நன்றி சொன்னதும் அரங்கு முழுவதும் மேசைகளைத் தட்டியது. ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பேச்சு முடிந்தால் கைதட்டுவதில்லை, விரல்முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். மகாதேவி அதுவரை ஒருநாளும் தட்டியதில்லை. கேட்க வந்த ஆளுக்கு அந்த உரிமை இல்லை என்று கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிடுவார். அன்று வலக்கையை மடக்கி, மெதுவாக மேசையில் தட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். மற்றவர்கள் ஓய்ந்து, பைகளை எடுத்துக்கொண்டு எழும்பத் தொடங்கிய பிறகும் அந்த ஒரு கை தட்டிக்கொண்டிருந்தது.